தாம்பூலப் பைக்கு எடுத்த துணி

வடிவாம்பாளிடம் எதைக் கொடுத்தாலும் அவள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். கொடுத்தவர் முகத்தை அதற்கப்புறம்தான் பார்ப்பாள். பால்காரன் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு, அது ஓடுகிற ஓட்டத்தைக் கவனிப்பாள். கேஸ் சிலிண்டரைத் தானே ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் வாசற்படி தாண்ட விடமாட்டாள். கோயில் பாயசமே ஆனாலும் வெல்லம் புதுசா பழசா என்று நாக்கால் துழாவிவிட்டுத்தான் கண்ணை மூடிக் கும்பிடுவாள்.

"நான் தாலி கெட்டாம இருந்திருந்தா இவள போலீஸ்ல எடுத்திருப்பான்" என்பார் அவள் கணவர் கோலப்பன். சாலைக் கடைத்தெருவில் பூதலிங்கம் பிள்ளையின் அரிசி மொத்தக்கடையில் அவர் கணக்கர். நாள் முழுக்க அடுத்தவர் சரக்கை நம்பி எழுதுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் எதையும் நம்பாத பெண்டாட்டி.

அவள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, மலையாளம் பேசுகிற வலியசாலைக்கு வந்தபோது கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வந்தவள்தான். அடுத்த ஓணத்துக்குள் வளையலின் ஓரத்தில் செம்பு தெரிந்தது. செய்து கொடுத்த ஆசாரி அவள் அப்பாவின் சேக்காளி, கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மாமியார் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம் வடிவாம்பாளை விடவில்லை. பத்துத் தடவை சந்தேகப்பட்டால் இரண்டு தடவை சரியாக இருந்துவிடும். அந்த இரண்டுதான் அவள் நினைவில் நிற்கும். மற்றதெல்லாம் வீட்டார் நினைவில்.

அயல்கூட்டத்தில் அவள் சேர்ந்ததே சந்தேகத்தினால்தான். தெருப் பெண்கள் வாராவாரம் கூடிக் காசு போடுகிறார்கள், அது எங்கே போகிறது என்று பார்த்து வரலாமென்று போனாள். அவள் கேட்ட கேள்விகளில் செகரட்டரி ஷைலஜாவுக்கு வியர்த்துவிட்டது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், அந்த ஏமாற்றத்திலேயே அங்கே உறுப்பினராகிவிட்டாள்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குத் தடை வரப்போகிறது, வந்துவிட்டது, வராது என்று நாளுக்கொரு பேச்சு. அந்தச் சூட்டில் அயல்கூட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து துணிச் சஞ்சி தைக்கத் தொடங்கினார்கள். ஆரியசாலையில் மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லின் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, லோனில் தையல் மெஷின் வாங்கிப் போட்டார்கள். தையற்கடைகளில் கழிக்கும் வெட்டுத்துணியை வாங்கி வந்து ஒட்டுப்போட்டுப் பையாக்குவார்கள். தைப்பதில் கெட்டிக்காரி ஷைலஜா. துணி பிடித்துக்கொண்டு வருவதும் கடைகளில் பேசுவதும் ஜெயபாய். வடிவாம்பாளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தைத்து முடித்த ஒவ்வொரு பையிலும் தேங்காயைப் போட்டுக் காதைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிற வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு பை வெளியே போனால், அதைப் போட்டு யானையைத் தூக்கலாம் என்று ஷைலஜா சொல்வாள்.

ஜெயபாய் பாறசாலைப் பக்கத்து வேதக்காரி. புருஷன் வளைகுடாவுக்குப் போய், முதலில் கடிதம் நின்று, அப்புறம் ஆளைப் பற்றிய பேச்சே நின்றுபோனவள். வாய் சும்மா இருக்காது. வடிவாம்பாளை 'அக்கா, அக்கா' என்று இழைவாள். இழைகிறவர்களிடம்தான் வடிவாம்பாளுக்குக் கூடுதல் எச்சரிக்கை.

சாலைக் கடைக்காரர்கள் ஒட்டுத்துணிப் பையைச் சீண்டவில்லை. "இத கையில குடுத்தா வாங்க வந்தவன் பிச்ச எடுக்கப் போயிருவாம்மா" என்று ஒருவர் சிரித்தார். கவர் என்றால் ஊதினால் விரிகிறது, மழையில் நனையாது, தூக்கி எறிந்தால் போயிற்று.

அந்த வருஷத்து இடவப்பாதிப் பருவமழையில், தூக்கி எறிந்ததெல்லாம் போகவில்லை என்று தெரிந்தது. ஓடை அடைத்துத் தண்ணீர் கடைகளுக்குள் ஏறியது. பூதலிங்கம் பிள்ளையின் கிட்டங்கியில் கீழ் வரிசை மூட்டைகள் முழுக்க ஊறிப்போயின. ஓடையைத் தோண்ட ஆள் விட்டபோது மண்ணைவிடக் கவர்தான் அதிகமாக வந்தது. மண்வெட்டியில் சுருண்டு வந்த ஒன்றை விரித்துப் பார்த்தால், பிள்ளையார் படம், கீழே மாப்பிள்ளை பெண் பெயர். பிள்ளைவாளின் அண்ணன் மகன் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலக் கவர்.

"என் குடும்பக் கவரே என் அரிசிய நனைச்சிருக்குவே" என்று அவர் கோலப்பனிடம் சொன்னாராம். ஆவணியில் அவருடைய மகள் கல்யாணம். தாம்பூலத்துக்குக் கவர் கிடையாது, துணிப் பைதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கோலப்பன் வந்து சொன்னதும் வடிவாம்பாள் பிள்ளைவாள் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி முத்தாரம்மாள் கூடத்தில் உட்கார்ந்து பந்தி இலைக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதிரிப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எட்டி வடிவு, ஒட்டுப்போட்ட துணிய கல்யாண வீட்டுல குடுப்பாளா? சம்பந்தக்காரன் நம்மள ஒட்டுக்குடித்தனம்னு நெனைக்கவா?"

"ஒட்டே இருக்காது மயினி. முழுசா வெள்ளத் துணி. புதுத்துணி."

"புதுத்துணிக்கு என்ன உறப்பு? எவன் வேட்டியையாவது அலக்கித் தச்சுக் கொண்டுவந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"நான் உறப்பு மயினி" என்றாள் வடிவாம்பாள்.

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. பிறருக்கு அவள் உறுதி சொன்னதே கிடையாது. இந்தப் பை நன்றாக அமைந்தால் கல்யாணத்துக்கு வருகிற சாலை வியாபாரிகள் அத்தனை பேர் கையிலும் அது போகும். பெண்களுக்குப் பிழைப்பு. கோளாறாகப் போனால், புருஷன் முதலாளி வீட்டுக் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பேர் அவளுக்கு. கோலப்பன் அந்தக் கடையில் எந்த முகத்தோடு போய் உட்காருவார்?

துணிக்குத்தான் திண்டாட்டம். கடையில் புதுத்துணி எடுத்துத் தைத்தால் சொன்ன விலைக்குக் கட்டுபடியாகாது. "துணி நான் ஏற்பாடு செய்யுதேன். யாரும் பயப்படாண்டாம்" என்றாள் ஜெயபாய். அடுத்த வியாழக்கிழமை ஆட்டோவில் மூட்டை வந்து இறங்கியது.

வடிவாம்பாள் மூட்டையை அவிழ்த்தாள். பழுதில்லாத மில் துணி. கஞ்சி போகவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனத்திரி ஊதுவத்தி. பன்னீர். இரண்டுக்கும் அடியில் லேசாகச் சூடம்.

"இதென்னட்டி வாசன?"

"நல்ல வாசனதானே அக்கா? நாறவா செய்யுது?"

ஓரத்தைப் பார்த்தாள். கத்தரி பட்ட ஓரமாக இல்லை. நூல் பிசிறு தொங்கக் கையால் கிழித்த ஓரம்.

சாலைத் துணிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ எடுத்தால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கத்தரி போட்டு, மடித்து, மஞ்சள் துண்டு ஒன்றை மேலே வைத்துக் கொடுப்பார். சாவுக்குக் கோடி எடுக்க வந்தால் கத்தரி தொடமாட்டார்கள். அளந்து, பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று கிழித்து, மடிக்காமல் அப்படியே நீட்டுவார்கள். வாங்குகிறவன் பேரம் பேசமாட்டான். கொடுத்தவரும் 'வாங்க' என்று சொல்லமாட்டார். வடிவாம்பாள் மாமியாருக்குக் கோடி எடுக்கப் போனபோது கடைக்குள் கேட்ட அந்தச் சர்ர் சத்தம் இப்போதும் அவள் காதில் இருக்கிறது.

"ஷைலஜா, இந்த ஓரத்தப் பாரு. கிழிச்சிருக்கு."

ஷைலஜா மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "காட்டன் துணி கீறியால் அல்லே சேச்சி, நூல் நேரே வரூ? கத்திரி வெச்சால் வளஞ்ஞு போகும்."

அதுவும் சரிதான். எது சரியோ அதுவே அவளை மேலும் குடைந்தது.

மூட்டையின் மடிப்புக்குள் வெள்ளி ஜரிகைத் தாளின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பாடையில் ஒட்டுகிற மாதிரித் தாள். அதை யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிணத்தின் மேல் உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் போடுகிற கோடித் துணி அத்தனையும் நெருப்பில் போவதில்லை, சுடுகாட்டு வாசலிலேயே கைமாறுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தாம்பூலப் பைக்குள் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் கிழங்கு. அந்தப் பை யாரோ ஒருவன் நெஞ்சின் மேல் கிடந்த துணி என்றால்?

"துணி எங்கேருந்து?" என்று நேராகவே கேட்டாள்.

"தெரிஞ்ச ஆளு."

"எந்த ஆளு?"

"என்னக்கா, கர்த்தர்கிட்டேயே இவ்வளவு கேள்வி கேட்டா அவரு மேல போயிருவாரு" என்று ஜெயபாய் சிரித்துவிட்டு வெளியே போனாள். சிரிப்பு கண்வரைக்கும் ஏறவில்லை என்பதை வடிவாம்பாள் கவனித்துவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கோலப்பனிடம் சொன்னாள்.

"நீ பாத்தியா? பிணத்துமேல கெடந்ததப் பாத்தியா?"

"பாத்தாத்தானா?"

"போன மாசம் பப்படத்துல சோப்புத்தூள் இருக்குன்ன. அதுக்கு முன்னால அந்த எல்.ஐ.சி. ஏஜெண்டு கள்ளன்னு சொன்ன. அவன் பாவம், உனக்கே பாலிசி போட்டுக் குடுத்தான். ஆவணி வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு இரி."

கண்ணை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்கு வராத வித்தை. தையல் வேலை ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பைகள் அறையில் அடுக்கடுக்காக உயர்ந்தன. அவள் வழக்கம்போல் காதைப் பிடித்து உலுக்கினாள், வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்தாள். ஒவ்வொரு நாளும் குளிப்பதைப் பார்த்து மகள், "அம்மைக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மீதித் துணி எடுக்க ஜெயபாய் கிளம்பியபோது, வடிவாம்பாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கிழக்கேகோட்டையில் ஜெயபாய் பஸ்ஸின் முன்வாசல் வழியாகப் பெண்கள் பக்கம் ஏறினாள். இவள் பின்வாசல் வழியாக ஆண்கள் நெரிசலுக்குள் ஏறி, ஒரு தடியனின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். "சேச்சி, முன்போட்டு போயாட்டே" என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லியும் நகரவில்லை. பாற்றூரில் ஜெயபாய் இறங்கினாள். கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிற இடம். வடிவாம்பாளுக்கு இனிச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சந்தேகம் பொய்யாகிவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

மதில் ஓரமாக ஒரு நீளமான கடை. வாசலில் மலர்வளையம், மெழுகுதிரிக் கட்டு, பன்னீர்க் குப்பி. உள்ளே சுவரோடு சுவராகச் சவப்பெட்டிகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஜெயபாய் உள்ளே போய்விட்டாள். வடிவாம்பாள் குடையைத் தாழ்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்க, நனையாண்டாம்" என்று ஒரு குரல். காதில் பென்சில் செருகிய ஒரு பெரிய உருவம் உளியோடு எழுந்து வந்தது. "ஆருக்கு? வலியவங்களுக்கா, பிள்ளையளுக்கா?"

"ஐயோ, யாருக்கும் இல்ல!"

"அப்பிடியே இருக்கட்டு. நல்ல காரியம்" என்று அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

உள்ளிருந்து ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். தாழ்த்திய குடையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "இது எங்க மூத்த அண்ணன் ஞானையன். அண்ணா, நான் சொல்லுவேன் இல்லியா, வடிவு அக்கா. பின்னால வந்திருக்காங்க" என்றாள். 'பின்னால' என்ற சொல்லில் ஒரு கடி இருந்தது.

ஞானையன் ஒளிக்கவில்லை. பெட்டிக்குள் விரிக்க மில் துணி மொத்தமாக எடுத்து அடுக்கியிருந்தாராம். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. "சாட்டின் வேணும், மடிப்பு மடிப்பா ஞொறி வச்சு வேணும். உயிரோட இருக்கும்ப கோரப்பாயில கெடந்தவனுக்கும் சாட்டின்தான். அந்தத் துணி அலமாரியில சும்மா இருந்துது. தங்கச்சி கேட்டா, குடுத்தேன்." அலமாரியைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் சந்தனத்திரிக் கட்டு, சூடம், பன்னீர். கீழ்த்தட்டில் துணி. பெட்டிக்கு ஒட்டுகிற வெள்ளித் தாள் சுருள் அதன் மேலேயே கிடந்தது.

"பெட்டிக்குள்ள போன துணி இல்லியே?"

"பெட்டிக்குள்ள போனது திரும்பி வருமா அம்மா?"

"பிறகு ஏன் கிழிச்சிருக்கு?"

"சாலையில தாணு அண்ணாச்சி கடையிலதான் எடுக்கது. நான் போனாலே கிழிச்சுத்தான் தருவாரு. பெட்டி செய்யுதவன்னு தெரியும் இல்லியா? வான்னும் சொல்லமாட்டாரு, போன்னும் சொல்லமாட்டாரு."

அந்தப் பேரை வடிவாம்பாள் எதிர்பார்க்கவில்லை. தாணு அண்ணாச்சி முத்தாரம்மாளின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். கூறைப்புடவை எடுத்ததே அந்தக் கடையில்தான்.

ஞானையன் சாயா வரவழைத்தார். பெட்டிகளுக்கு நடுவே அதைக் குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. "வேண்டாம், வயிறு சரியில்ல" என்றாள். ஜெயபாய் அந்த டம்ளரை எடுத்துத் தானே குடித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ஜெயபாய்."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியளா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல்ல. பிணத்துமேல போட்டதுன்னுதானே நெனைச்சிய? எங்க அண்ணன் பெட்டி செய்யுதாரு, பிணத்த உரியல்ல. உங்க வீட்டு சாயாவ நான் எத்தன தடவ குடிச்சிருக்கேன்?"

வடிவாம்பாள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். அவளுடைய சந்தேகம் பாதி சரி, பாதி தப்பு. இந்தப் பாதிதான் முழுசாகத் தப்பாகப் போவதைவிடப் பெரிய தொல்லை. யார் உடம்பிலும் படாத புதுத்துணி என்று அவள் கொடுத்த வாக்கு பொய்யில்லை. ஆனால் கத்தரி படாமல் கிழித்து, சாவுக்கென்று வாங்கி, சவப்பெட்டிக்கடை அலமாரியில் இருந்த துணி. இது தெரிந்தால் கல்யாண வீடு சும்மா விடுமா?

விஷயத்தைக் கேட்ட ஷைலஜாவின் யோசனை சுருக்கமாக இருந்தது. "ஆரோடும் பறயண்டா. தச்சது தச்சு."

"சொன்னா ஆர்டர் போச்சு" என்றாள் ஜெயபாய். "உங்க வாக்கும் போச்சு, எங்க சோறும் போச்சு."

வடிவாம்பாள் விடிய விடியப் புரண்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அது நேர்மையினால் வந்த முடிவு என்று சொல்லிவிட முடியாது. தன்னையும் சேர்த்து இத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் வெளியே போகாது என்று நம்ப அவளால் முடியவில்லை. ஷைலஜா புருஷனிடம் சொல்வாள். ஆட்டோக்காரன் மூட்டையை எங்கே ஏற்றினோம் என்று சொல்வான். அடுத்தவர் வாயால் முத்தாரம்மாள் காதில் விழுவதற்கு முன், தன் வாயால் விழுந்துவிடட்டும்.

கோலப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "முதலாளி வீட்டுக்குப் போயி, உங்க மக கல்யாணத்துக்குச் சவப்பெட்டித் துணின்னு சொல்லப் போறியா? நான் நாளைக்கு லீவு."

முத்தாரம்மாள் அடுக்களைப் பின்னால் தேங்காய் எண்ணவைத்துக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் அவளைத் தனியே கூப்பிட்டு, ஒரு பையைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது முத்தாரம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு குனிந்து அவளே எடுத்தாள்.

"பெட்டிக்குள்ள வச்சு எடுத்ததா?"

"இல்ல மயினி. அலமாரியில இருந்துது. என் கண்ணால பாத்தேன்."

"நம்ம தாணு கடைத் துணியா?"

"ஆமா."

முத்தாரம்மாள் முற்றத்துக் கொடியில் தொங்கிய துணி ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

"எட்டி, இத ஏன் எங்கிட்டச் சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்லா?"

"வேற யாராவது சொல்லிட்டா?"

"அதும் செரிதான்." பையை மறுபடி திருப்பிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. "இப்ப வேண்டாம்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா கல்யாணத்தையே தள்ளி வைப்பாரு. பிறகு கவரு வாங்கணும், அந்தக் கவரு ஓடைக்குப் போகும்." பெருமூச்சு விட்டாள். "சாவுக்குப் போடுத கோடிக்கு மஞ்ச வைப்பாளா?"

"வைக்கமாட்டாளே மயினி."

"மஞ்ச வச்சா அது மங்கலத் துணி. இல்லியா?"

"மூலையில வச்சா போதுமா?"

"மூலையில வச்சா எனக்கு மனசு ஆறாது. முழுசா முக்கிக் கொண்டா. ஒரு நூலு வெள்ளையாத் தெரியப்பிடாது. அவரு காதுல விழப்பிடாது. விழுந்துதோ, உன் புருஷனுக்கு மட்டுமில்ல, எனக்கும் இந்த வீட்டுல இருப்பு இல்ல."

மஞ்சள் முக்குகிற வேலைக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடையில் விற்கிற மஞ்சள் பொடியில் என்னத்தைக் கலந்திருக்கிறானோ என்று வடிவாம்பாள் அதைத் தொடவிடவில்லை. கிழங்காக வாங்கி, இடித்து, மில்லின் பின்பக்கம் அண்டாவில் கொதிக்கவைத்து, பைகளை முதலில் அலசி, பிறகு முக்கி, நிழலில் உலர்த்தினார்கள். மூன்று பேர் கையும் முழங்கை வரைக்கும் மஞ்சளாயிற்று. ஜெயபாய் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேசத்தான் இல்லை. அந்த வாய் மூடியிருந்தது வடிவாம்பாளுக்கு அந்த வாசனையைவிடப் பயமாக இருந்தது. இவள் எதை மனதில் வைத்திருக்கிறாள்? கல்யாணத்தன்று யாரிடமாவது போட்டு உடைப்பாளோ?

கல்யாணத்தன்று மண்டப வாசலில் தாம்பூல மேசைக்குப் பின்னால் ஜெயபாயும் வடிவாம்பாளும் நின்றார்கள். பைகளைப் பார்த்தவர்கள் முகம் மலர்ந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு ஆச்சி பையை முகர்ந்து, "மஞ்சளும் சந்தனமும் என்னமா மணக்கு! யாரு கை இது?" என்று கேட்டாள். வடிவாம்பாள் ஜெயபாயைப் பார்க்கவில்லை. சாலை வியாபாரிகள் வாங்கி உள்ளே கையை விட்டு இழுத்துப் பார்த்தார்கள். யாராவது இருமினால் வடிவாம்பாள் நிமிர்ந்தாள். யாராவது இரண்டு பேர் தலையைச் சாய்த்துப் பேசினால் அவளுக்குக் காது நீண்டது.

அப்போது தாணு அண்ணாச்சி வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், தாய்மாமன் மிடுக்கு. ஒரு பையை எடுத்தார். பார்த்தார். தேங்காயை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். காசை நிறுத்துப் பார்ப்பது மாதிரித் துணியை விரலால் நிறுக்கிற ஆள் அவர்.

"இது நம்ம கடைத் துணில்லா?"

வடிவாம்பாள் வெற்றிலையை எண்ணுவதுபோல் குனிந்தாள். ஜெயபாயின் கை பாதி நிரம்பிய பையில் அப்படியே நின்றது.

"மஞ்சள்ல முக்கினா எனக்குத் தெரியாதா? இந்த ரகத்த நான் நெறைய பேருக்குக் குடுக்கதில்லியே." அவர் நெற்றி சுருங்கியது. யோசிக்கத் தொடங்கிவிட்டார். கடையில் அந்த ரகத்தைக் கிழித்துக் கொடுத்தது யாருக்கு என்று இன்னும் ஒரு மூச்சில் நினைவு வந்துவிடும். பின்னால் வரிசை நின்றது. பூதலிங்கம் பிள்ளை சம்பந்தக்காரரோடு பேசிக்கொண்டே இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"உங்க கடைத் துணிதான் அண்ணாச்சி" என்றாள் வடிவாம்பாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

"யாரு எடுத்தா?"

"நாந்தான் எடுத்தேன்" என்றது ஒரு குரல். முத்தாரம்மாள் பட்டுப்புடவை சரசரக்க மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். "நீ கொல்லத்துக்குப் போயிருந்த அன்னைக்கு, உன் கடைப் பயலுககிட்டச் சொல்லி எடுத்தேன். அக்காகாரி எடுத்த துணிக்கு மருமக கல்யாணத்துல வந்து கேள்வி கேக்கியா? வெக்கமா இல்லியால உனக்கு?"

"சும்மா கேட்டேம்க்கா. அந்தப் பயலுக சொல்லவே இல்ல."

"சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன். தம்பி காசு வாங்கமாட்டேன்னு நிப்பான்னு. போ, அங்க மாப்பிள்ள வீட்டுக்காரனுக்குக் காப்பி குடுத்தாச்சான்னு பாரு."

தாணு அண்ணாச்சி சிரித்துக்கொண்டு தேங்காயைப் பையில் போட்டார். அப்படியே, "தையல் கெட்டியா இருக்கு. நம்ம கடைக்கும் கொஞ்சம் தச்சுத் தருவியளா? துணி நான் தாறேன்" என்றார். பிள்ளைவாள் அருகே வந்து, சம்பந்தக்காரரிடம், "எல்லாம் நம்ம கணக்கப்பிள்ள வீட்டுக்காரிதான்" என்று பெருமையாகச் சொன்னார். முத்தாரம்மாள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் போன பிறகு ஜெயபாய் ஒரு பையை நிரப்பி வடிவாம்பாளிடம் நீட்டினாள். "மயங்கி விழாம நில்லுங்கக்கா. வரிச நிக்குது." பாற்றூருக்குப் போய் வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் 'அக்கா' அது. ஆனால் அதில் பழைய இழைவு இல்லை. அது இனி வரப்போவதும் இல்லை என்று வடிவாம்பாளுக்குத் தெரிந்தது.

சாலைத் தெருவில் அதன்பிறகு கவர் ஒழிந்துவிடவில்லை. ஆனால் துணிக்கடைகள் சிலதும் ஒரு மளிகைக்கடையும் துணிப் பை கேட்டன. மில் அறையில் இன்னொரு மெஷின் வந்தது. துணி வாங்குகிற பொறுப்பு வடிவாம்பாளிடம் வந்தது. அதை ஜெயபாயிடமிருந்து பிடுங்கியதாக ஆகிவிடக்கூடாதென்று, ஒவ்வொரு தடவையும் அவளையும் கூட்டிக்கொண்டு போவாள். தாணு அண்ணாச்சி கத்தரி போட்டு, மஞ்சள் துண்டு வைத்து, "வாங்க" என்று சொல்லிக் கொடுப்பார். ஜெயபாய் கடைக்கு வெளியிலேயே நிற்பாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்த அன்று இரவு கோலப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டே, "அந்த அம்மா இல்லேன்னா இன்னைக்கு நாம ரெண்டு பேரும் தெருவுலதான். சாமி மாதிரி வந்து நின்னா" என்றார்.

வடிவாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, இன்னும் என்ன யோசன?"

"தம்பி கொல்லத்துக்குப் போன நாளு, கடைப் பயலுக, காசு வாங்கமாட்டான்னு... ஒரு மூச்சு விடாமச் சொன்னாளே. கண்ணுகூட இமைக்கல்ல."

"அதுக்கு?"

"கூடப்பிறந்தவன்கிட்டேயே அப்பிடிச் சொல்ல வரும்னா..." என்று வடிவாம்பாள் தலையைச் சாய்த்தாள். "நம்மகிட்ட இதுவரைக்கும் அந்த மயினி என்னவெல்லாம் சொல்லியிருக்கா?"